காட்சிக்குக் குறுக்கே ஒரு வீடு

ஹாரோடீன் மாளிகையின் முன்மாடத்தில் நின்று ஏரிப் பக்கம் பார்த்தால் ஹெட்லி கார்சைட்டின் வீடு தெரியும். அவர் மேல் இருந்த புகார் அவ்வளவுதான்.

மாளிகையை நிர்வகித்த அறக்கட்டளை அதைப் புகார் என்று சொல்லவில்லை. அங்கே யாரும் எதையும் அப்படிப் பச்சையாகச் சொல்கிறவர்கள் அல்ல. ‘காட்சிக் குறுக்கீடு’ என்று சொன்னார்கள். ஒரு நாள் பூங்காவின் வேலிக்கதவில் புதுப் பலகை ஒன்று பளபளவென்று தொங்கியது. ‘ஹாரோடீன் காட்சி மீட்பு. 1768இல் மூன்றாம் பிரபு கண்டு களித்த அதே காட்சி, மீண்டும் உங்களுக்காக. சனிக்கிழமை, மாளிகையின் நீள்கூடத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம். உங்கள் கருத்துதான் எங்கள் உயிர்மூச்சு.’ கீழே ஒரு படம். ஏரி இருந்தது, தேவதாரு மரங்கள் இருந்தன, மான்கள் மேய்ந்தன. ஏரிக்கரையில் வரிசையாக நிற்கும் நான்கு கல்வீடுகளை ஹெட்லி தேடிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தேடினார். அவருடைய வீடு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மான் புல்லைத் தின்றுகொண்டிருந்தது.

ஹெட்லி ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். டெர்பிஷயர் மலைப்பாதைகளில் பனியிலும் மழையிலும் வண்டி ஓட்டியவர்; கோபம் வந்தால் தாடையை இறுக்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார். அவர் மனைவி மேவிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். அவளுக்குக் கோபம் வந்தால் ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்கும். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில்தான் வாடகைக்கு இருந்தார்கள். கடைசிப் பிரபு செத்ததும் வாரிசுகள் வரி கட்ட முடியாமல் மாளிகையையும் பூங்காவையும் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்கள். வெள்ளி விளக்குத் தண்டுகள், எண்ணெய் ஓவியங்கள், மான்கள் இவற்றோடு ஏரிக்கரை வீடுகளில் குடியிருந்தவர்களும் சேர்ந்தே கைமாறினார்கள். ஆயுசு முழுக்க இருக்கலாம் என்பது ஏற்பாடு.

கூரை ஒழுகியது. கட்டிலின் மேல் ஒரு வாளி நிரந்தரமாக உட்கார்ந்திருந்தது. பழுதுபார்க்கச் சொல்லிக் கேட்டால், கூரை பழைய சுரங்கத்துக் கல்லால் வேயப்பட்டது, மரபு கெடாமல் அதே சுரங்கத்துக் கல்லால்தான் மறுபடி வேயவேண்டும், அந்தச் சுரங்கம் மூடப்பட்டு நெடுநாளாகிறது என்று அறக்கட்டளை பதில் சொல்லும். அதாவது மழையும் மரபுதான்.

சனிக்கிழமை இருவரும் கிளம்பினார்கள். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் மாளிகையின் கடிகாரத்தில் மணி தெரியும், அவ்வளவு பக்கம். ஆனால் வீட்டோரத்திலிருந்து மாளிகைப் பக்கம் போகும் சின்னக் கதவை அந்த வருடம் ‘வெளியேற மட்டும்’ ஆக்கியிருந்தார்கள். மதிற்சுவரைச் சுற்றிக்கொண்டு, மேவிஸின் வீங்கிய முட்டியோடு, பிரதான வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் மூச்சு வாங்கினாள்.

“நம்ம வீட்டுக் கொல்லைப்பக்கம் போறதுக்கு ஊரைச் சுத்தி வரவேண்டியிருக்கு” என்றாள். “இன்னும் கொஞ்சம் நடந்தா கடலே வந்துடும்.”

வரவேற்பு மையத்தில் பச்சைச் சட்டை போட்ட இளைஞன் ஒருவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

“ஹாரோடீனுக்கு முதல் தடவையா வர்றீங்களா?”

“இங்கதான் இருக்கோம்” என்றார் ஹெட்லி.

“ரொம்ப அருமை. எங்கிருந்து வர்றீங்க?”

“இங்கிருந்து.”

இளைஞன் கம்ப்யூட்டரில் தேடினான். “‘இங்க’ன்னு ஒரு ஊர் இதுல இல்ல சார். பக்கத்துல ஏதாவது போட்டுக்கவா?”

“அதோ தெரியுது பாரு தம்பி, புகைபோக்கி. அதுக்கு அடியில.”

“அது பூங்கா சார். பூங்காவிலிருந்து யாரும் வர முடியாது. பூங்காவுக்குத்தான் வர முடியும்.” கொஞ்சம் யோசித்துவிட்டு அவன் முகம் மலர்ந்தது. “வெளிநாடுன்னு போட்டுடறேன். அதுலதான் மேற்கொண்டு எதுவும் கேக்காது.”

இருவர் மார்பிலும் ‘பார்வையாளர்’ என்று ஒரு வட்ட வில்லை ஒட்டப்பட்டது. மாளிகைக்குள் ஒரே திசையில்தான் நடக்கலாம். நீள்கூடம் மாடியில் கடைசியில் இருந்தது. ஆகவே கூட்டத்துக்குப் போகிறவர்களும் எல்லா அறைகளையும் ரசித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

இசையறை, சீட்டாட்ட அறை, பிரபுவின் காலணி அறை. அறைக்கு அறை அழகழகான நாற்காலிகள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் காய்ந்த முட்பூ ஒன்று வைக்கப்பட்டிருந்தது. உட்காராதே என்பதை மரியாதையாகச் சொல்லும் முறை அது. நூலக அறையில் மேவிஸின் முட்டி அதற்குமேல் ஒத்துழைக்க மறுத்தது. அவள் முட்பூவை எடுத்து ஒரு புத்தக அலமாரியில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அறைக் காவலுக்கு இருந்த திருமதி லோவெல் ஓடிவந்தாள். முத்துமாலை போட்ட, சம்பளம் வாங்காமல் சேவை செய்யும் சீமாட்டி.

“மேடம், அந்த நாற்காலியில நூறு வருஷத்துக்கு மேல யாரும் உக்காந்ததில்ல.”

“பாவம், அதுக்கு எவ்வளவு ஏக்கமா இருந்திருக்கும்.”

“தயவுசெஞ்சு எழுந்திருங்க. அது வாத்து இறகு திணிச்ச பட்டு. உடம்புச் சூடு பட்டா அதுக்கு அதிர்ச்சி.”

“என் முட்டிக்கும் அதிர்ச்சிதான். ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் ஆறுதல் சொல்லிக்கிறோம், நீங்க போங்க.”

திருமதி லோவெல் பயிற்சி பெற்றவள். தொல்லை செய்யும் பார்வையாளரைக் கதை சொல்லித் திருப்பவேண்டும் என்பது பயிற்சி. ஜன்னல் பக்கம் கையை நீட்டினாள்.

“இதோ, இந்த ஜன்னல்லேர்ந்துதான் மூணாம் பிரபு முதல் முதலா ஏரியைப் பார்த்தாரு. நடுவுல ஒரு கிராமம் மறைச்சுது. கோயில், மதுக்கடை, முப்பது நாப்பது வீடு. வேற யாராவதா இருந்தா சகிச்சிக்கிட்டுப் போயிருப்பாங்க. அவரு தொலைநோக்கு உள்ளவர். ஒரே கோடைகாலத்துல கிராமத்தை எடுத்துட்டாரு.”

“எடுத்து எங்க வெச்சாரு?” என்று ஹெட்லி கேட்டார்.

“வெக்கலையே. எடுத்துட்டாரு.”

“அதுல இருந்தவங்க?”

திருமதி லோவெல் இதுவரை அந்தக் கேள்வியைச் சந்தித்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது. “அதப் பத்தி ஆவணம் எதுவும் கிடைக்கல” என்றாள். பிறகு உற்சாகமாக, “ஆனா தேவதாரு மரமெல்லாம் எங்கிருந்து வந்துச்சு, எந்தக் கப்பல்ல வந்துச்சு, வழியில யார் தண்ணி ஊத்தினாங்க, எல்லாமே இருக்கு. மரத்துக்கு ஒரு பெயர்ப்பலகை வெச்சிருக்கோம், பார்த்தீங்களா?”

மேவிஸ் எழுந்தாள். நாற்காலிக்காக அல்ல, அந்த அறையில் அதற்குமேல் இருக்கப் பிடிக்காமல்.

நீள்கூடத்தின் நடுவே பெரிய மேசையில் பூங்காவின் மாதிரி வைக்கப்பட்டிருந்தது. பஞ்சு மரங்கள், கண்ணாடி ஏரி. பக்கத்து வீட்டு ஆர்னால்ட் பக்லோ ஏற்கனவே வந்து அதன் மேல் குனிந்து நின்றார். பழைய கல்குவாரித் தொழிலாளி, மனைவியை இழந்தவர், புறா வளர்ப்பவர். வீட்டைவிட்டு எங்கும் கிளம்பாத மனிதர்.

“ஹெட்லி, இங்க வா. உங்க சமையக்கட்டுல ஒரு ஆடு நிக்குது.”

“உங்க வீட்டுல?”

“என் வீட்டுல ஒண்ணுமே இல்லப்பா. புல்லுதான். ஆடுகூட வரமாட்டேங்குது.”

அறக்கட்டளையின் மாவட்ட இயக்குநர் டாக்டர் ஜைல்ஸ் பெல்லிங்கம் மேடையேறினார். மென்மையான குரல், விலை உயர்ந்த கசங்கல் சட்டை. எல்லோரும் வந்ததற்கு நெஞ்சம் நெகிழ்ந்தார். நெகிழ்ந்து முடித்ததும் பேசினார்.

“நண்பர்களே, ஹாரோடீன்ல நாங்க எதையும் இடிக்கிறதில்ல. அது எங்க பண்பாடு இல்ல. பிற்காலச் சேர்க்கைகளை மென்மையா விலக்கறோம், அவ்வளவுதான். ஏரிக்கரை வீடுகள் கட்டி நூத்தம்பது வருஷம்கூட ஆகல. வரலாற்றோட கண்ணுல அது நேத்து வந்து நின்ன கார் மாதிரி. இந்த மாடத்துல நின்னு பார்க்கிற ஒவ்வொரு சாதாரண மனுஷனுக்கும் ஒரு பிரபு என்ன பார்த்தாரோ அதைக் குடுக்கணும். இது மக்களோட பூங்கா. மக்கள் இங்க வரணும், பார்க்கணும், நெகிழணும். அந்தக் காட்சியில மக்கள் இருந்தா எப்படிங்க நெகிழ முடியும்?”

கைதட்டினார்கள். வந்தவர்களில் பலர் அறக்கட்டளையின் உறுப்பினர்கள். கோட்டில் சின்னம் குத்தியிருந்தார்கள்.

“அந்தப் பிற்காலச் சேர்க்கையில ஒண்ணுல நான் தினமும் தூங்கறேன்” என்றார் ஆர்னால்ட்.

“உங்க அக்கறை எங்களுக்குப் புரியுது. அதுக்குத்தான் பொட்டு வெச்சிருக்கோம்.”

சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. பக்கத்தில் வண்ண வண்ணக் காகிதப் பொட்டுகள். பச்சை என்றால் உற்சாகம். நீலம் என்றால் பேருற்சாகம். மஞ்சள் என்றால் மேலும் அறிய ஆவல். மேவிஸ் பெட்டியைக் கிளறிப் பார்த்தாள்.

“வேணாம்னு சொல்றதுக்கு எந்தக் கலரு?”

“வேணாம்ங்கிறது ஒரு கருத்து இல்ல மேடம்” என்றார் இயக்குநர் கனிவாக. “அது ஒரு மனநிலை. அது கடந்து போயிடும்.”

“நாங்க கடந்து போக மாட்டோம். ஆயுசு பூரா இருக்கலாம்னு எங்களுக்கு எழுதிக் குடுத்திருக்கு. உங்க வக்கீலைக் கேளுங்க.”

“கேட்டுட்டோம் மேடம். முழுக்க முழுக்கச் செல்லும். உங்களை யாரும் வெளியேத்தப் போறதில்ல.” டாக்டர் பெல்லிங்கம் இரண்டு கைகளையும் கூப்புவதுபோல் சேர்த்தார். “அறக்கட்டளைங்க நூற்றாண்டுக் கணக்குல யோசிக்கும். நாங்க காத்திருக்கத் தயார்.”

“எதுக்கு?”

இயக்குநர் அதே கனிவோடு புன்னகைத்துக்கொண்டிருந்தார். ஹெட்லியின் தாடை இறுகியது.

வெளியே வரும் வழியில், ‘மறைந்த கிராமத்தின் குரல்கள்’ என்று எழுதிய சின்னக் கூண்டுக்குள் ஒரு பெண் ஒலிப்பதிவுக் கருவியோடு உட்கார்ந்திருந்தாள். ஏரிக்கரை வீட்டுக்காரர்கள் என்று தெரிந்ததும் மேவிஸைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்தாள்.

“உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க.”

“காலையில எழுந்ததும் ஜன்னலைத் திறப்பேன். ஏரியில வாத்து—”

“ஒரு நிமிஷம். ‘திறந்துட்டிருந்தேன்’னு சொல்ல முடியுமா? கண்காட்சி வர்றதுக்குக் கொஞ்ச காலம் ஆகும். அப்போ கேக்கிறவங்களுக்குக் குழப்பமா இருக்கக்கூடாது.”

மேவிஸ் ஒலிவாங்கியைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் பேசிவிட்டு வெளியே வந்தாள். அந்த வாக்கியம் எந்தக் காலத்தில் கேட்டாலும் யாருக்கும் குழப்பமாக இருக்காது.

இலையுதிர் காலத்தில் டாக்டர் பெல்லிங்கம் தாமே வீட்டுக்கு வந்தார், எலுமிச்சை கேக்கோடு. மேவிஸ் ஊரில் தன் தங்கையைப் பார்க்கப் போயிருந்த நேரம். காத்திருக்கும் காலத்தில் இரு தரப்புக்கும் மனம் நோகாதபடி ஒரு நடுவழி கண்டுபிடித்திருப்பதாகச் சொன்னார். அதன் பெயர் ‘தோற்ற ஒத்துழைப்பு’. வீட்டிலேயே இருக்கலாம், எல்லாம் செய்யலாம். பூங்கா திறந்திருக்கும் நேரத்தில் கண்ணில் படாமல் செய்யவேண்டும், அவ்வளவுதான்.

“கூரை?” என்றார் ஹெட்லி.

“ஒத்துழைக்கிற வீடுகளுக்குக் கூரையில முன்னுரிமை உண்டு.”

வாளியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. போன குளிர்காலம் முழுக்க மேவிஸ் இருமிக்கொண்டே கிடந்தது ஹெட்லிக்கு நினைவு வந்தது. கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் மேவிஸ் வந்து விஷயத்தைக் கேட்டதும் ஒன்றும் கத்தவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. கேக்கை எடுத்து வாத்துகளுக்குப் போட்டாள். பூங்காவில் வாத்துகளுக்குத் தின்பண்டம் போடக் கூடாது. அதற்கும் ஒரு பலகை உண்டு.

ஒத்துழைப்பு ஆரம்பமானது. முதலில் கதவுகளுக்கும் ஜன்னல்களுக்கும் பாசிப்பச்சை நிறம் அடித்தார்கள். பிறகு ராணுவத்தில் பீரங்கிகளை மறைக்கும் வலையைப்போல ஒன்றைக் கொண்டுவந்து வீட்டு வரிசை முழுவதையும் மூடினார்கள். வீட்டுக்குள் பகலிலும் சாயங்காலமாக இருந்தது. துணி உலர்த்துவது பூங்கா மூடியபிறகு, ஈரப்பனியில். ஆர்னால்டின் வெள்ளைப் புறாக்கள் வெகுதூரத்துக்குத் தெரிகின்றன என்று சொல்லி, சாம்பல் நிறப் புறாக்களை மட்டும் பறக்கவிட அனுமதித்தார்கள். குடியிருப்பவர்களின் கார்கள் எல்லாம் மாளிகைக்கு அந்தப் பக்கம், பார்வையாளர் நிறுத்துமிடத்துக்கு இடம் மாறின.

காருக்கும் கடைக்கும் எப்படிப் போவது? அதற்கும் டாக்டர் பெல்லிங்கம் வழி வைத்திருந்தார். பெரிய புல்வெளியின் ஓரமாக ஒரு பள்ளப்பாதை வெட்டினார்கள். ஆள் உயரப் பள்ளம். அதில் நடந்தால் முன்மாடத்திலிருந்து தலைகூடத் தெரியாது. திறந்துவைத்தபோது அவரே அதில் நாலடி இறங்கி நடந்து காட்டினார்.

“இது புதுசு ஒண்ணும் இல்ல” என்று பெருமையாகச் சொன்னார். “அந்தக் காலத்துல வேலைக்காரங்க பிரபு கண்ணுல படாம போறதுக்குச் சுரங்கப்பாதையே இருந்துச்சு. அது இதைவிடக் குறுகல். நாங்க எவ்வளவோ முன்னேறியிருக்கோம்.”

“நான் இதுல நடக்க மாட்டேன்” என்றாள் மேவிஸ்.

“மழைக்குள்ள கூரை போட்டுடுவாங்க மேவிஸ். அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்க.”

“குனிஞ்சு நடந்து பழகிட்டா அப்புறம் நிமிர்றதுக்கு யாருகிட்ட கையெழுத்து வாங்குவ?”

கூரை போடவில்லை. ஹெட்லி நேரில் போய்க் கேட்டபோது அலுவலகத்துப் பெண் மிகுந்த வருத்தத்தோடு விளக்கினாள். வலை போட்டபிறகு அந்தக் கூரை எங்கிருந்து பார்த்தாலும் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத கூரைக்கு மரபு நிதியிலிருந்து செலவழிக்க விதியில் இடமில்லை. ஹெட்லி பள்ளப்பாதையில் திரும்பி நடந்துவந்தார். மேலே புல்வெளியில் யாரோ குழந்தைகளோடு சிரிக்கும் சத்தம் கேட்டது. தான் ஒரு எலியைப்போல நடக்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்து மேவிஸிடம் அதைச் சொல்லவில்லை.

மே மாதத்தில் காட்சி மீட்பின் திறப்பு விழா. முன்மாடத்தில் வெள்ளைக் கூடாரம், வயலின்காரர்கள், தட்டில் வெள்ளரிக்காய்ச் சாண்ட்விச், பெரிய மனிதர்கள். ஏரியை நன்றாகப் பார்க்க வரிசையாகத் தொலைநோக்கிகள். ஏரிக்கரை வீட்டுக்காரர்கள் அன்று முழுக்க உள்ளேயே இருந்தால் நன்றாயிருக்கும் என்று முதல் நாளே ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். காலையில் மேவிஸின் ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்திருந்தது. ஹெட்லி ஆர்னால்டின் வீட்டில் ஒழுகும் இடத்துக்குத் தார்த்துணி கட்டிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட வேண்டாமென்று அவள் தானே கிளம்பினாள். அதுவரை கால் வைக்காத பள்ளப்பாதையில் அன்றைக்குத்தான் இறங்கினாள். இரவெல்லாம் பெய்த மழையில் பாதி தூரத்துக்குமேல் பள்ளம் வாய்க்காலாகிக் கிடந்தது.

அவள் குரல் ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்கும் குரல். ஆனால் பள்ளத்துக்குள்ளிருந்து கத்தினால் வானத்துக்குத்தான் கேட்கும். வயலின் வேறு. வெகுநேரம் கழித்து அவளைத் தேடிப்போன ஹெட்லி, சேற்றுத் தண்ணீரில் இடுப்பளவு உட்கார்ந்திருந்தவளைக் கண்டார். கணுக்கால் போகக் கூடாத பக்கமாகத் திரும்பியிருந்தது. உதடு நீலமாக இருந்தது.

“நடந்துட்டேன் பாரு” என்றாள். பல் கிட்டியது. “ஒத்துழைச்சுட்டேன்.”

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். மதியத்துக்குள் வரப் பார்க்கிறோம் என்றார்கள். காரோ மாளிகைக்கு அந்தப் பக்கம். பள்ளப்பாதையின் மீதித் தூரம் தண்ணீருக்குள். கார் வரும் பின்பக்கச் சாலையைச் சாண்ட்விச் கொண்டுவந்த வேன்கள் அடைத்திருந்தன. ஆர்னால்ட் புறா எச்சம் அள்ளும் ஒற்றைச்சக்கரத் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். இரண்டு கிழவர்களுமாக மேவிஸைத் தூக்கி, கம்பளியில் சுற்றி, வண்டியில் உட்கார வைத்து, பள்ளம் ஆரம்பிக்கும் வீட்டு வாசலுக்கே திரும்பத் தள்ளிவந்தார்கள்.

“எந்தப் பக்கமா போறது?” என்றார் ஆர்னால்ட்.

ஹெட்லி வலையை இரண்டு கையாலும் பிடித்து ஒரு இழு இழுத்தார். அது கிழிந்து வாசல் திறந்தது. பெரிய புல்வெளி மாளிகை வரைக்கும் பச்சைப் பசேலென்று, ஒரு உயிர்கூட இல்லாமல், இருநூற்றைம்பது வருடக் கனவுபோலக் கிடந்தது. அவர் வண்டியின் கைப்பிடிகளைப் பிடித்து அதற்குள் இறங்கினார்.

முன்மாடத்தில் டாக்டர் பெல்லிங்கம் ஒலிபெருக்கியின் முன் அப்போதுதான் சொல்லிக்கொண்டிருந்தார்: “இதோ பாருங்கள், மனித இடையூறே இல்லாத காட்சி.” தொலைநோக்கிகள் எல்லாம் ஒருசேரத் திரும்பின. நடுவில் சேறு அப்பிய ஒரு கிழவர், தள்ளுவண்டியில் ஒரு கிழவியை வைத்துத் தள்ளிக்கொண்டு நேராக அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். பின்னால் இன்னொரு கிழவர், அவளுடைய கைப்பையை மார்போடு அணைத்தபடி.

தொப்பி வைத்த ஒரு சீமாட்டி கைதட்டினாள். உடனே எல்லோரும் தட்டினார்கள்.

“எவ்வளவு தத்ரூபம்” என்று யாரோ சொன்னார்கள். “அந்தக் காலத்துக் குடியானவங்க இப்படித்தான் இருந்திருப்பாங்க.”

“அந்தச் சேறுகூட அசல் மாதிரியே இருக்கு.”

டாக்டர் பெல்லிங்கம் திறமைசாலி. ஒரு கணம்தான் தடுமாறினார். “நமது சமூகப் பங்கேற்புத் திட்டத்தின் ஒரு சிறு துளி” என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு, புன்னகை மாறாமல் படியிறங்கி ஓடிவந்தார். வண்டிக்கருகே வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

“திரு கார்சைட், என்ன இது. சுத்திப் போயிருக்கலாமே.”

மாடத்துக்குக் கீழே வண்டிச் சக்கரம் மண்ணில் புதைந்து நின்றுவிட்டது. ஹெட்லிக்கு மூச்சு இரைத்தது.

“கால் முறிஞ்சிருக்கு. கார் வரைக்கும் போகணும். முன்பக்கம் கொஞ்சம் தூக்கிக் குடுங்க.”

இயக்குநர் குனிந்தார். மேவிஸின் காலைப் பார்க்கிறார் என்று ஹெட்லி நினைத்தார். அவர் சக்கரத்தைப் பார்த்தார். சக்கரத்துக்குப் பின்னால் ஏரிக்கரை வரை நீண்டு கிடந்த தடத்தைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

“புல்லு பதிச்சு இன்னும் வேரே பிடிக்கல” என்றார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் குரல் உண்மையாகவே உடைந்தது. “இதை எப்படி நீங்க…”

தொப்பிச் சீமாட்டி அதற்குள் கீழே இறங்கி வந்துவிட்டாள். “கொஞ்சம் இப்படித் திரும்பு கண்ணு, ஒரு போட்டோ” என்றாள் மேவிஸிடம்.

மேவிஸ் கம்பளிக்குள்ளிருந்து காலை நீட்டிக் காட்டினாள். “இதையும் சேத்து எடு. நல்லா எடு. இதுல ஒரு எலும்பு பிற்காலச் சேர்க்கை.”

சீமாட்டி காலைப் பார்த்தாள். வேடமில்லை என்று அவளுக்குப் புரிந்தது. அவள் கையிலிருந்த கோப்பை நழுவிப் புல்லில் விழுந்தது. இயக்குநர் சட்டென்று அதை எடுத்துத் துடைத்தார், புல்லை.

ஹெட்லி அவரை வெகுநேரம் பார்த்தார். பஸ்ஸில் எத்தனையோ முரடர்களைப் பார்த்திருக்கிறார், யாரையும் அடித்ததில்லை. இப்போதும் அடிக்கவில்லை.

“நீங்க காத்திருக்கிறதாச் சொன்னீங்களே” என்றார். “இதுக்குத்தான். இது இவ்வளவு சீக்கிரம் நடக்குதேன்னு சந்தோஷப்பட்டிருக்கணும் நீங்க. புல்லுக்காக அழறீங்க.”

ஆர்னால்ட் கைப்பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முன்பக்கம் வந்து தூக்கினார். சக்கரம் ஒரு பெரிய மண்கட்டியைப் பெயர்த்துக்கொண்டு கிளம்பியது.

சீமாட்டி எடுத்த படம் ஊர்ப் பத்திரிகையில் வந்தது, பிறகு லண்டன் பத்திரிகைகளிலும். அறக்கட்டளை ஓர் அறிக்கை விட்டது. ‘வரலாற்றுச் சிறப்புமிக்க புல்வெளிக்கும் ஒரு பார்வையாளருக்கும் ஏற்பட்ட சேதத்துக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கிறோம். புல்வெளி தேறிவருகிறது.’ விசாரணைக் குழு அமைத்தார்கள். அது, பள்ளப்பாதையின் கரையில் எச்சரிக்கைப் பலகை இல்லாததே விபத்துக்குக் காரணம் என்று கண்டறிந்து பலகை வைத்தது. டாக்டர் பெல்லிங்கத்துக்குப் பதவி உயர்வு கிடைத்தது. தெற்கே இதைவிடப் பெரிய மாளிகை, இதைவிட நீளமான காட்சி. அங்கே நடுவில் ஒரு பள்ளிக்கூடம் இருப்பதாகக் கேள்வி.

ஏரிக்கரை வீடுகளின் வலையை ஆர்னால்டும் மற்றவர்களும் வெட்டி எறிந்தார்கள். ஒத்துழைப்பை மீறியதாக ஆளுக்கொரு நோட்டீஸ் வந்தது. ஹெட்லி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் அதைப் பிரிக்கவில்லை. கூரை இன்னும் ஒழுகுகிறது.

ஜூன் மாதம் மேவிஸை வீட்டுக்கு அனுப்பினார்கள். காலில் கட்டு, கையில் ஊன்றுகோல். ஹெட்லி தன் சின்னச் சிவப்புக் காரை நேராகப் பிரதான வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அது நல்ல வெயில் நாள். புல்வெளியின் தடத்தில் புதுப் புல் பதித்து, அதைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். முன்மாடத்தில் கூட்டம். புது இயக்குநர் யாருக்கோ ஏரியைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

வாசலில் நின்ற பச்சைச் சட்டைக்காரன் ஜன்னலருகே குனிந்தான்.

“சார், பூங்கா திறந்திருக்கிற நேரத்துல இந்தப் பக்கம் கார் விடறதில்ல. மாடத்துலேர்ந்து தெரியும்.”

“தெரியட்டும்” என்றார் ஹெட்லி.

அவன் மேவிஸின் காலைப் பார்த்தான், பிறகு ஹெட்லியின் தாடையைப் பார்த்தான். தடுப்புக் கட்டையைத் தூக்கிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

கார் மரச்சாலையைத் தாண்டி மாளிகையின் முன்னால் வந்தது. மாடத்தில் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. ஹெட்லி, கண்ணில் படாமல் போன பழக்கத்தில், வேகத்தைக் கூட்டினார்.

மேவிஸ் அவர் கையைத் தட்டினாள். ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

“மெதுவா ஓட்டு” என்றாள். “நல்லாப் பாக்கட்டும்.”

ஹெட்லி முதல் கியருக்கு மாற்றினார்.